கடைசி வாங்குக்கு வராத கேள்வி

போன மாதம் நடந்த நம் பழைய மாணவர் ஒன்றுகூடலில், உங்களில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம கணக்கு சேர் தோட்டத்துப் பிள்ளைகள் மேல ஒரு நாளும் கை வச்சதில்ல." எல்லாரும் கைதட்டினீர்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்து ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலும். நான் கையிலிருந்த பற்றிஸைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டேன்.

சொன்னது உண்மைதான். அவர் எங்களை அடித்ததில்லை. திட்டியதுமில்லை. ஏன் அடிக்கவில்லை என்று மட்டும் அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. நமக்கெல்லாம் முடி நரைத்துவிட்டது, சேரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி இதைச் சொல்லாமல் வைத்திருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. என் காதில் விழுந்ததை, என் கண் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் மாத்தளை டவுனிலிருந்து நடந்து வந்தவர்கள். எங்கள் லயம், தொழிலாளர் வரிசை வீடு, இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க நினைக்கிற பிள்ளை, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கும்போதே எழுந்து, பெரியவர்கள் வேலைக்கு மலையேறும்போது கீழே இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் ஏலக்காய் மூட்டையும் மிளகு மூட்டையும் உட்கார்ந்து வரும், நாங்கள் நின்று வருவோம். மழை நாளில் தலையில் போட்டு வருகிற கம்பளி, வகுப்புக்கு வந்து சேரும்போது நனைந்த ஆட்டு வாடை அடிக்கும். அதைத் தொங்கவிட சேர் எங்களுக்கென்று வெளி விறாந்தைத் தூணில் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். உங்கள் குடைகள் வகுப்புக்குள்ளேயே மூலையில் நின்றன.

கடைசி வாங்கில், சுவரோர நீளப் பெஞ்சில், நாங்கள் இரண்டு பேர். நானும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த என் சிநேகிதியும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. பஸ் ஜன்னலில் விரலால் எழுதியே நீண்ட வகுத்தல் போடுவாள். மூச்சு விட்டுக் கண்ணாடியை மங்கலாக்கி, எழுதி, அழித்து, மறுபடி மூச்சு விடுவாள்.

காலையில் இடாப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் மனக்கணக்கு நடக்கும். உங்களுக்கு மறந்திருக்காது. முதல் வாங்கின் முதல் ஆளிடமிருந்து கேள்வி தொடங்கும். விடை தெரியாதவர் எழுந்து நிற்க வேண்டும். கேள்வி அடுத்தவருக்குப் போகும். யார் சரியாகச் சொல்கிறாரோ அவர், நிற்கிற ஒவ்வொருவர் தலையிலும் குட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவிரலின் முட்டியை மடித்து, உச்சியில். மெதுவாகக் குட்டினால் சேர் "தடவாதே!" என்பார். சேரின் பிரம்பு மேசையிலேயே கிடக்கும், அதற்கு வேலையில்லை. பிள்ளைகளே பிள்ளைகளைத் தண்டிக்கிற அந்த ஏற்பாட்டில் அவருக்குப் பெருமை உண்டு.

நான்காவது வாங்கின் கடைசி ஆள் வரை கேள்வி வரும். அவருக்கும் தெரியாவிட்டால் சேர் தானே விடையைச் சொல்லிவிட்டு முன்னுக்குத் திரும்பி நடப்பார். அடுத்த கேள்வி மறுபடி முதல் ஆளிடம் தொடங்கும். ஐந்தாவது வாங்கு என்று ஒன்று இருப்பதாகவே அந்தக் கேள்விகளுக்குத் தெரியாது.

முதலில் நான் நினைத்தேன், புதிதாக வந்திருக்கிறோம், பழகட்டும் என்று விடுகிறார் என்று. ஆறாம் வகுப்பு முடிந்தது. ஏழாம் வகுப்பிலும் அதே. ஒரு நாள் விடை நாக்கு நுனியில் நிற்க, தாங்காமல் கையைத் தூக்கிவிட்டேன். சேர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பல் வரிசை தெரிய.

"நீ உட்காரும்மா. பஸ்ஸில நின்னுகிட்டே வந்திருப்பே, பாவம். உனக்கு வேணாம் இதெல்லாம்."

பிறகு, உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேலை வேண்டுமே என்று, "போய் சரஸ்வதி படத்துக்கு ரெண்டு பூப் பறிச்சிட்டு வாம்மா" என்று அனுப்பினார். நான் பூப்பறித்து வருவதற்குள் மனக்கணக்கு முடிந்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னால் எடுபடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் விறகுக் கட்டையால் அடிப்பவர். அம்மாவுக்கு டவுன் சேர் கடவுள் மாதிரித் தெரிந்தார். "அடிக்காத வாத்தியாரு கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டி. என்னா ஒனக்குக் கொறை?" என்றாள். குட்டு வாங்க ஆசையாயிருக்கிறது என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்?

என் சிநேகிதி வேறு முடிவுக்கு வந்திருந்தாள். "பேசாம இருடி. கேக்காட்டி நல்லதுதானே. தலையாவது தப்பிச்சிச்சி" என்றாள். பஸ் கண்ணாடியில் எழுதுவதை அவள் எப்போது விட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் அவளுடைய கணக்குக் கொப்பியில் பக்கம் பக்கமாக ரோசாப்பூ. மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சதுரமாக நிரப்பியிருப்பாள். சேர் அதைப் பார்த்து, "கை நல்லா வருதும்மா" என்று பாராட்டினார்.

எட்டாம் வகுப்பின் இரண்டாம் தவணையில் சேருக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு ஓபரேஷன். அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக ஒரு டீச்சர் வந்தார். மாத்தளை டவுனிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, சோக்கட்டியை இரண்டாக உடைத்து ஒன்றைக் கையிலும் ஒன்றை மேசையிலும் வைக்கிற பழக்கம் உள்ளவர். நம் வகுப்பின் சட்டதிட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. அதுதான் என் அதிர்ஷ்டம்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கி, அதில் கால்வாசி எவ்வளவு? முதல் வாங்கு எழுந்து நின்றது. இரண்டாவது நின்றது. நான்காவதும் நின்றபோது டீச்சர் திரும்பவில்லை. நேராக நடந்து வந்தார்.

"பின்னுக்கு ஈக்கிற புள்ள, நீங்க செல்லுங்க பாப்பம்."

என் சிநேகிதியைத்தான் கேட்டார். அவள் எழுந்தாள். அவளுக்கு அந்த விடை தெரியும் என்று நான் சத்தியம் செய்வேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கேள்வியே கேட்கப்படாத தொண்டை அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அவள் நின்றுவிட்டாள்.

"அடுத்த மகள்?"

"நாற்பத்தஞ்சு, டீச்சர்."

"சரி. இந்த வகுப்புல சரியாச் சொன்னா என்ன வழக்கம்?"

முன் வாங்கிலிருந்து ஒருவர் சொன்னீர்கள்: "குட்டணும் டீச்சர். ஆனா அவங்க குட்டுறதில்ல."

"ஏன்?"

பிறகு வேறொருவர் மெல்லச் சொன்னீர்கள்: "அவங்க தோட்டம், டீச்சர்."

டீச்சர் என் கையைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "தோட்டத்துல ஈக்கிறவங்களுக்கு விரல் இல்லயா? எனக்கு இந்தக் குட்டுற வேலையே புடிக்காது. நாளையிலேந்து இல்ல. ஆனா இவ்வளவு நாளா நடந்ததுக்கு இண்டைக்கு ஒரு தடவ நடக்கட்டும். எழும்புங்க மகள்."

நான் முதல் வாங்கிலிருந்து தொடங்கினேன். சிநேகிதியைத் தவிர ஒருவரையும் விடவில்லை. தடவவும் இல்லை. உங்கள் தலைகளின் எண்ணெய் வாடை ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது. பலசரக்குக் கடை முதலாளி மகனுக்கு நல்லெண்ணெய். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வலிக்காகவா, வேறெதற்காகவா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

டீச்சர் சொன்னபடி மறுநாள் குட்டு நிறுத்தப்பட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, நீங்களே கேட்டு மறுபடி கொண்டுவந்தீர்கள். "குட்டு இல்லாட்டி சுவாரசியமே இல்ல டீச்சர்" என்றீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "என்னமோ செய்ங்க, மண்டைய ஒடச்சிக்காதீங்க" என்று விட்டுவிட்டார். ஆனால் கேள்வி ஐந்து வாங்குக்கும் போக வேண்டும் என்றார். போனது.

அந்தத் தவணையில் எனக்கும் குட்டு விழுந்தது. முதல் குட்டு, கடை முதலாளி மகனுடையது. சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒரே குட்டில் இறக்கிவிட்டான். வீட்டுக்குப் போனதும் அம்மா தலை சீவும்போது வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருடி அடிச்சா?"

"தப்பாச் சொல்லிட்டேம்மா. முக்காலுக்குப் பதிலா முக்காலே அரைக்கால்னுட்டேன்."

"இதுக்கு என்னாடி சிரிப்பு?" என்று அம்மா இன்னொரு பக்கமும் தட்டிப் பார்த்தாள், மூளை கலங்கிவிட்டதோ என்று.

எனக்கு ஒரு அடிமட்டம் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் அப்பா சீவிக் கொடுத்தது. அங்குலங்களை ஆணியால் கீறி, கரி பூசியிருந்தார். எங்கோ பார்த்ததை நினைவில் வைத்துக் கீறியதால் அங்குலம் கொஞ்சம் குறைவு. இரண்டு வருடம் என் சதுரமெல்லாம் சிறுத்தே இருந்தது. சேர் ஒவ்வொன்றுக்கும் "சரி" போட்டுக்கொண்டே வந்தார். டீச்சர் முதல் தடவையிலேயே பிழை போட்டார். பிறகு அடிமட்டத்தை வாங்கி, தன்னுடையதோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு செஞ்ச?"

"அப்பா, டீச்சர்."

"நல்ல வேல. ஆனா அளவு பிழை. வீசாதீங்க. எவ்வளவு கொறையுதுண்டு கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சா இதாலயே சரியா அளக்கலாம்."

பஸ்ஸில் மிளகு மூட்டை மேல் சாய்ந்துகொண்டு அதைக் கண்டுபிடித்தேன். அந்த அடிமட்டம் எந்த லய மாற்றத்தின்போது அடுப்புக்குள் போனதோ தெரியவில்லை. ஆனால் பிழை என்று சொல்வதும் ஒருவரை மதிப்பதுதான் என்று எனக்குத் தெரியவந்தது அதனால்தான்.

கடை முதலாளி ஒரு நாள் குடையோடு வந்து டீச்சரிடம் பேசினார். டீச்சர் விறாந்தையில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஒங்கட மகனும் சரியாச் சொன்னாக் குட்டலாம் மொதலாளி. ஊட்டுல கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்றார். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அதை ஒன்றுகூடலில் யாரும் நினைவுபடுத்தவில்லை.

போகிற கடைசி வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "ஒம்பதாம் வகுப்புக்குப் பிரிக்கக்குள்ள நீங்க கணக்குப் பக்கம் போகணும். வேற எதுக்கும் தலையாட்டிராதீங்க" என்றார். எட்டாம் வகுப்பு முடிந்ததும் நம்மை இரண்டாகப் பிரிப்பார்கள் அல்லவா? ஒரு பக்கம் கணக்கும் விஞ்ஞானமும், மறுபக்கம் கைவேலை, பெண்பிள்ளைகள் என்றால் தையல். யார் எந்தப் பக்கம் என்பது வகுப்பாசிரியரின் வாயில் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. கணக்குப் பக்கம், கணக்குப் பக்கம் என்று பஸ் சக்கரம் சொல்வது போலவே இருந்தது.

மூன்றாம் தவணையில் சேர் திரும்பி வந்தார். மெலிந்து, வயிற்றில் துவாய் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம். டீச்சர் போய்விட்டிருந்தார்.

அந்த வாரமே கடை முதலாளி மறுபடி வந்தார். சேர் என்னை வழக்கம்போல் தண்ணீர் கொண்டுவர அனுப்பியிருந்தார். குடத்தோடு விறாந்தை மூலைக்கு வந்தபோது தூணின் மறுபக்கம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம் மகன் தலையில தோட்டத்துப் புள்ள கை வைக்குது சேர். கடைக்கு வர்ற சனம் சிரிக்குது. கொழுந்தெடுக்குற கை..."

சேரின் குரல் எப்போதும் போல இதமாக இருந்தது. "நீங்க கவலப்படாதீங்க மொதலாளி. இப்படி ஒண்ணு வந்துடக் கூடாதுன்னுதானே நான் இத்தன காலமா அந்த வாங்குப் பக்கமே கேள்வியக் கொண்டுபோறதில்ல. வந்த பொம்பளைக்கு அது விளங்கல்ல. நான் பாத்துக்குறேன்."

குடத்துத் தண்ணீர் என் பாவாடையில் தளும்பியது.

மறுநாள் சேர் வகுப்பில் அறிவித்தார்: "இனிமே மனக்கணக்கும் வேணாம், குட்டும் வேணாம். பிள்ளைகள அடிக்கிறதே எனக்குப் பிடிக்கிறதில்ல." நீங்கள் மேசையில் தட்டி ஆரவாரம் செய்தீர்கள். மாத்தளையில் பிள்ளைகளை அடிக்கிறதை நிறுத்திய முதல் வாத்தியார் என்று போன மாதமும் ஒருவர் சொன்னீர்கள். அவர் நிறுத்தியது அடியை அல்ல, என் விரல் உங்கள் தலைக்கு வருவதை. அதற்காக உங்களுடைய மனக்கணக்கையும் சேர்த்துப் புதைத்தார். நீங்களும் இழந்தீர்கள். உங்களுக்கு அது தெரியவே இல்லை.

தலைமையாசிரியரான பெரிய சேருக்கு இது தெரிந்திருக்காது என்று நான் வெகுகாலம் நம்பினேன். இப்போது யோசித்தால், ஐந்து வாங்கு உள்ள வகுப்பில் நான்கு வாங்குக்கு மட்டும் கேள்வி போவதை, ஜன்னலோரமாகத் தினமும் நடந்துபோகிற ஒரு மனிதர் காணாமலிருக்க முடியாது.

என் சிநேகிதி தீபாவளியோடு நின்றுவிட்டாள். அவளுடைய பெயரைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் பதிந்துவிட்டார்கள். ஏன் நின்றாள் என்று யாரும் விசாரிக்கவில்லை. சேர் மட்டும், "பாவம், நல்ல பிள்ளை" என்றார்.

வருடக் கடைசியில், கொட்டுகிற மழையில், அப்பா ஒரு நாள் வேலையை விட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். யாரோ ஒரு துரை விட்டுப்போன கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். தோள் அவருக்கு இறங்கி நின்றது. "ஐயாகிட்ட நானே கேட்டுர்றேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மகளைக் கணக்குப் பக்கம் போடுங்கள் என்கிற ஒற்றை வாக்கியம்தான். பஸ்ஸில் உதட்டை அசைத்து அதைப் பழகினார்.

அறைக்குள் நுழைந்ததும் சேர் எழுந்தார். கதிரையை இழுத்துப் போட்டார். "உக்காருங்கையா."

அப்பா என்னைப் பார்த்தார். தோட்டத்து ஒபிசில் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிறவர். அவருடைய வாழ்க்கையில் மேசை போட்ட மனிதர் ஒருவர் அவருக்குக் கதிரை கொடுத்தது அதுதான் முதல் தடவை. நுனியில் உட்கார்ந்தார். பழகிய வாக்கியம் அங்கேயே போய்விட்டது.

"உங்க மக தங்கமான பிள்ளை" என்று சேர் தொடங்கினார். "ஆனா கணக்கு வகுப்புன்னா பின்னேரமும் நிக்கணும். பஸ் இல்ல. பொம்பளப் பிள்ளை. அதோட நீங்களும் என்னைக்காவது அந்தப் பக்கம் போறவங்கதானே? இங்க படிச்ச படிப்பு அங்க செல்லுமோ என்னவோ. எதுக்கு அவளப் போட்டுக் கஷ்டப்படுத்தணும்? தையல் படிச்சா எந்த ஊர்லயும் பிழைக்கலாம்."

எங்களில் யாரை இங்கே வைப்பது, யாரை இந்தியாவுக்குக் கப்பலேற்றுவது என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பேச்சு மேசைக்கு வந்ததும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயா சொன்னாச் சரிங்க."

"சேர்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என்கிட்ட ஒரு கணக்குக் கேளுங்க சேர். ஒண்ணே ஒண்ணு. தப்பாச் சொன்னா நான் தையலுக்கே போறேன்."

அப்பா பதறி, "ஏய்!" என்றார். சேர் கோபப்படவில்லை. அதே நல்ல சிரிப்பு.

"எதுக்கும்மா கேக்கணும்? நீ கெட்டிக்காரின்னுதான் எனக்குத் தெரியுமே."

தெரியாமல் செய்கிற ஆசிரியர்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வருடத்திலிருந்தே தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. கைதட்டுவதற்கு முன் நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

அந்த அறையில் என் பெயர் தையல் பக்கம் போனது. நான் கணக்குப் படித்தது வெகு காலம் கழித்து, கல்யாணம் முடிந்து, வேறு ஊரில், வேறு வழியில். அதை இங்கே சொல்லப் போவதில்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. அப்பா கோட்டுக் கையை மடித்து விட்டுக்கொண்டு, "நல்ல மனுசன். கதிர போட்டாரு பாத்தியா?" என்றார். இரண்டாம் தடவையும் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முழங்கையால் இடித்து, "சரி, அவரு கேக்காட்டி என்னா? நான் கேக்குறேன்" என்றார். நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"ஒரு நெரையில முப்பத்தாறு தேயிலச் செடி. பதினேழு நெரை இருக்கு. மொத்தம் எத்தன செடி?"

அறுநூற்றுப் பன்னிரண்டு. பஸ் அடுத்த வளைவு திரும்புவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஞ்ஞூத்தித் தொண்ணூறு" என்றேன், குட்டுக்குத் தலையைச் சாய்த்து.

அப்பா விரல்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நீ சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும்."